மெல்ல வரும் இளமையும் மெல்ல வெளிப்படும் தீங்கும்

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மற்றும் தடுப்பு நிலையம் 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையொன்று அழகுச் சிகிச்சை உலகில் பெரும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது. நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகேர்க்கி நகரில் அனுமதிப்பத்திரமின்றி இயங்கிய அழகு நிலையமொன்றில் 2018 ஆம் ஆண்டு முகத்தை இளமையாக்கும் ஊசிச் சிகிச்சை பெற்ற குறைந்தது மூன்று பெண்களுக்கு, அச்சிகிச்சையின் மூலமே எச்.ஐ.வி. தொற்று ஏற்பட்டிருக்க வேண்டும் என அவ்வறிக்கை முடிவு செய்தது. அழகுக்காகப் போடப்பட்ட ஊசியினால் இவ்வைரஸ் பரவியமை உறுதிப்படுத்தப்பட்ட முதலாவது சம்பவமாக இது பதிவாகியுள்ளது.

அந்நிலையத்தில் வழங்கப்பட்டது, ஒருவரது இரத்தத்தை எடுத்து அதன் திரவப் பகுதியைப் பிரித்து நுண்ணூசிகளால் அவரது முகத்திலேயே மீண்டும் செலுத்தும் சிகிச்சையாகும். சருமத்தினுள் கொலஜன் என்ற புரதத்தைப் பெருக்குவதே இதன் நோக்கம் எனக் கூறப்படுகின்றது. பரிசோதனைக்குச் சென்ற அதிகாரிகள் சமையலறை மேசையில் பெயர்ச்சீட்டில்லாத இரத்தக் குழாய்களையும், குளிர்சாதனப் பெட்டியில் உணவுப் பொருட்களோடு சேர்த்து வைக்கப்பட்ட ஊசிமருந்துகளையும் கண்டனர். நிலையம் மூடப்பட்டது. அதன் உரிமையாளர் அனுமதியின்றி மருத்துவம் புரிந்த குற்றத்துக்காக 2022 இல் சிறைத்தண்டனை பெற்றார்.

இச்செய்தியில் வரலாற்றின் முரண்நகை ஒன்றும் மறைந்திருக்கின்றது. இன்று கொலஜனைத் தூண்டும் ஊசிமருந்துகள் என உலகெங்கும் விற்பனையாகும் பொருட்களில் முதன்மையானது, எச்.ஐ.வி. நோயாளிகளின் முகங்களை மீட்டெடுப்பதற்காகவே முதலில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. நோயாளிக்கு மானத்தை மீட்டுக் கொடுத்த ஒரு மருத்துவம் இருபது ஆண்டுகளுக்குள் சமையலறை மேசை வரை இறங்கிவந்த கதையை நாம் விளங்கிக்கொள்வது அவசியமாகும். ஏனெனில், அக்கதையின் அடுத்த அத்தியாயங்கள் எம்மைப் போன்ற நாடுகளிலேயே எழுதப்படக்கூடும்.

நோயாளியின் முகம்

1996 ஆம் ஆண்டளவில் கூட்டு மருந்துச் சிகிச்சை அறிமுகமானதும் எச்.ஐ.வி. தொற்று மரண தண்டனை என்ற நிலை மாறத் தொடங்கியது. ஆனால், உயிரைக் காத்த மருந்துகளுள் சில, குறிப்பாக ஸ்டாவுடின், சிடோவுடின் ஆகியவை, வேறொரு துன்பத்தைக் கொண்டுவந்தன. நோயாளிகளின் கன்னக் கொழுப்பு கரைந்தது. கன்னங்கள் குழிவிழுந்து எலும்புகள் துருத்தின. நோயை எவரிடமும் சொல்லாது வாழ விரும்பியவரின் முகமே அவரது நோயை ஊருக்கு அறிவித்தது. வேலைத்தலத்திலும் உறவினர் மத்தியிலும் ஒதுக்கப்படுவோம் என்ற அச்சத்தில் மருந்தையே நிறுத்த எண்ணியவர்களும் உண்டு. அம்மருந்துகளுள் ஒன்றான ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடுமாறு உலக சுகாதார நிறுவனம் 2009 இல் பரிந்துரைத்தமைக்கு இத்தகைய பக்க விளைவுகளும் காரணமாயின.

இப்பின்னணியிலேயே பொலிலக்டிக் அமிலம் என்ற பொருள் கவனத்தைப் பெற்றது. லக்டிக் அமிலத்தை அடிப்படையாகக் கொண்ட இவ்வகைப் பொருட்கள் மருத்துவத்துக்குப் புதியவையல்ல. உடலுக்குள் தானாகவே கரையும் தையல் நூல்கள் 1970களிலிருந்து இதே குடும்பத்தைச் சேர்ந்த பொருட்களால் செய்யப்படுகின்றன. ஐரோப்பாவில் 1999 இல் அனுமதி பெற்ற இப்பொருளின் ஊசிவடிவம், 2004 ஓகஸ்டில் ஸ்கல்ப்ட்ரா என்ற பெயரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் அங்கீகாரத்தைப் பெற்றது. எச்.ஐ.வி. நோயாளிகளின் முகக் கொழுப்பிழப்பைச் சீர்செய்தல் என்ற ஒரேயொரு தேவைக்காகவே அவ்வங்கீகாரம் வழங்கப்பட்டது. இத்தகைய நோயாளிகளுள் மனச்சோர்வுக்கு ஆளானவர்களுக்கு இச்சிகிச்சையின் செலவை அரச காப்புறுதித் திட்டமே ஏற்கும் என 2010 மார்ச்சில் அமெரிக்கா தீர்மானித்தது. முகம் என்பது வெறும் அழகு சார்ந்த விடயமல்ல, அது மனிதனின் சமூக வாழ்வோடு பிணைந்தது என்பதை ஓர் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட தருணமாக அதனைக் கொள்ளலாம்.

ஆனால், அதற்கு முன்னரே கதை திசைமாறத் தொடங்கியிருந்தது. 2009 இல் அதே மருந்துக்கு, ஆரோக்கியமானவர்களின் மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை விழும் மடிப்புகளைச் சீர்செய்யவும் அனுமதி கிடைத்தது. கல்சியம் ஹைட்ரொக்சிஅபடைட் என்ற, எலும்பிலும் பல்லிலும் உள்ள கனிமத்தை ஒத்த பொருளைக் கொண்ட ரேடியஸ் என்ற ஊசிமருந்து 2006 டிசம்பரிலேயே நோயாளிகளுக்கும் அழகு நாடுவோருக்கும் ஒருசேர அனுமதிக்கப்பட்டிருந்தது. 2023 இல் ஸ்கல்ப்ட்ராவின் அனுமதி கன்னங்களின் மெல்லிய சுருக்கங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. நோயாளிக்காக வந்த மருந்தின் பிரதான வாடிக்கையாளர் இன்று நோயற்றவரே.

காயத்தை ஏமாற்றும் உபாயம்

இம்மருந்துகள் செயற்படும் விதத்தை அறிந்தாலன்றி அவற்றின் நன்மையையும் ஆபத்தையும் எடைபோட முடியாது. எமது சருமத்துக்கு உறுதியைத் தருவது கொலஜன். இளமைப் பருவம் கடந்ததும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் என்ற அளவில் அது குறைந்து செல்கின்றது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் முதல் ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை இழப்பு ஏற்படலாம். வெயிலும் புகைத்தலும் இவ்விழப்பைத் துரிதப்படுத்துகின்றன.

பரவலாக அறியப்பட்ட ஹையலூரோனிக் அமில ஊசிகள் ஒரு கூழ்மத்தைச் செலுத்திக் குழியை உடனே நிரப்புபவை. கொலஜனைத் தூண்டும் ஊசிகளோ அவ்வாறானவை அல்ல. அவை உடலைக் கொண்டே உடலைத் திருத்த முனைகின்றன. பொலிலக்டிக் அமிலத்தின் நுண்துகள்கள் சருமத்தின் கீழ் செலுத்தப்பட்டதும், நோயெதிர்ப்புக் கலங்கள் அவற்றை அந்நியப் பொருளாகக் கருதிச் சூழ்ந்துகொள்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத ஓர் அழற்சி உண்டாகின்றது. காயமொன்றை ஆற்றுவது போலவே உடல் அவ்விடத்தில் புதிய கொலஜனை உருவாக்குகின்றது. மாதங்கள் செல்லச்செல்லத் துகள்கள் சிதைந்து காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் வெளியேற, உருவான கொலஜன் எஞ்சுகின்றது.

எனவே, சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் முகத்தில் காணும் வீக்கம் உண்மையான பலனல்ல. அது கலந்த நீரின் விளைவு. சில நாட்களில் வற்றிவிடும். உண்மையான மாற்றம் சில வாரங்களுக்குப் பின்னரே அரும்பத் தொடங்கும். பொதுவாக வார இடைவெளிகளில் மூன்று அல்லது நான்கு தடவைகள் ஊசி போடப்படுகின்றது. பலன் இரண்டு ஆண்டுகள் வரை நீடிக்கலாம். மருந்து ஓரிடத்தில் திரளாதிருக்க, ஐந்து நாட்களுக்கு, நாளொன்றுக்கு ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம் முகத்தைப் பிடித்துவிடுமாறு அறிவுறுத்தும் மருத்துவர்கள் பலர்.

இப்படிப்படியான தன்மையே இவற்றின் பெரும் கவர்ச்சியாக விளம்பரப்படுத்தப்படுகின்றது. 'நீங்கள் ஏதோ செய்துகொண்டீர்கள் என எவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள்' என்பதே விற்பனையின் மறைமுக வாக்குறுதி. வீங்கிய உதடுகளும் இறுகிய நெற்றிகளும் பரிகாசத்துக்குள்ளான காலத்தில் இயற்கையாகத் தோன்றும் இளமைக்குக் கேள்வி பெருகியது வியப்பல்ல. அண்மைக்காலத்தில் நீரிழிவுக்கும் உடல் எடைக் குறைப்புக்கும் பயன்படும் செமாக்ளுடைட் போன்ற மருந்துகளால் விரைவாக மெலிந்தவர்களின் முகம் ஒட்டிப்போவதும் இச்சந்தைக்குப் புதிய வாடிக்கையாளர்களைத் தந்துள்ளது. மருந்தொன்றினால் கன்னம் குழிந்தவர்கள் மீண்டும் அதே ஊசியைத் தேடுகின்றனர். இம்முறை நோயின் களங்கத்துக்கு அஞ்சியல்ல, மெலிந்தவர் முகம் முதுமையாகத் தோன்றுமோ என அஞ்சி.

இச்சந்தையின் பருமனை ஓர் உதாரணத்தால் உணரலாம். ஸ்கல்ப்ட்ராவை விற்கும் கல்டேர்மா என்ற சுவிற்சர்லாந்து நிறுவனம் 2024 மார்ச்சில் சூரிச் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அவ்வாண்டு அதன் மொத்த விற்பனை 440 கோடி டொலரைத் தாண்டியது. அழகுசாதன உலகின் பெருநிறுவனமான லொரேயல் அதே ஆண்டு ஓகஸ்டில் அதன் 10 சதவீதப் பங்குகளை வாங்க முன்வந்தது. கிறீம் விற்கும் நிறுவனங்களுக்கும் ஊசி விற்கும் நிறுவனங்களுக்கும் இடையிலான எல்லைக்கோடு மறைந்து வருகின்றது என்பதையே இது உணர்த்துகின்றது.

தாமதமாக வரும் கேடு

மெதுவாகப் பலன் தரும் பொருள், கெடுதலையும் மெதுவாகவே தரக்கூடியது. இதுவே இவ்விவகாரத்தில் நாம் வலியுறுத்த விரும்பும் முதன்மையான விடயம்.

பொலிலக்டிக் அமில ஊசியின் பின்னர் சிலருக்குத் தோலின் கீழ் சிறு கட்டிகள் தோன்றுவதுண்டு. அவை சில வாரங்களிலோ, பல மாதங்களிலோ, சிலவேளைகளில் ஓராண்டுக்குப் பின்னரோ வெளிப்படலாம். ஆரம்ப ஆண்டுகளில் இக்கட்டிகள் கூடுதலாகக் காணப்பட்டன. மருந்துத்தூளைப் போதிய நேரம் நீரில் ஊறவிடாமையும், குறைந்த நீரில் கலந்தமையும், தோலின் மேற்படையில் செலுத்தியமையும் அதற்குக் காரணங்களாக இனங்காணப்பட்டன. கூடுதல் நீரில் கலந்து ஆழமாகச் செலுத்தும் முறை வந்தபின் இப்பிரச்சினை குறைந்தது. அதாவது, மருந்து எதுவாயினும் அதைக் கலப்பவரின் பயிற்சியும் செலுத்துபவரின் உடற்கூற்று அறிவுமே முகத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன.

இங்கு மற்றுமோர் உண்மையும் உண்டு. ஹையலூரோனிக் அமில ஊசியில் தவறு நேர்ந்தால் அதைக் கரைக்க ஹையலூரோனிடேஸ் என்ற நொதியம் இருக்கின்றது. கொலஜனைத் தூண்டும் பொருட்களைக் கரைக்கவல்ல அத்தகைய மாற்று மருந்து கிடையாது. தவறுதலாக இரத்தக் குழாயினுள் சென்றுவிட்டால் சருமத்தின் ஒரு பகுதி இறந்துபோகலாம். அரிதாகப் பார்வையிழப்பும், மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைப்படுதலும் ஏற்படலாம் என அமெரிக்க மருந்து நிர்வாகம் முக ஊசிகள் அனைத்தையும் பற்றி 2015 இலேயே எச்சரித்துள்ளது. தடித்த தழும்புகள் உருவாகும் இயல்புடையவர்களுக்கு ஸ்கல்ப்ட்ரா ஏற்றதல்ல என அதன் அறிவுறுத்தலே குறிப்பிடுகின்றது. கருமை நிறச் சருமத்தவரிடையே இத்தகைய தழும்புகள் கூடுதலாகக் காணப்படுவதால், எமது மக்களைப் பொறுத்தவரை இவ்வெச்சரிக்கை சாதாரணமானதல்ல.

காலதாமதம் மருத்துவப் பிரச்சினை மட்டுமல்ல, நீதிப் பிரச்சினையுமாகும். கட்டி தோன்றும்போது ஊசி போட்டவர் கடையை மூடிவிட்டு வேறிடம் சென்றிருக்கலாம். என்ன பொருள் செலுத்தப்பட்டது, எந்தத் தொகுதி இலக்கம், யார் செலுத்தினார் என்பவற்றை நிரூபிக்கப் பாதிக்கப்பட்டவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது. விடயத்தை வெளியே சொல்ல வெட்கம் வேறு. எவருக்கும் தெரியாமல் இளமை பெறலாம் என்ற வாக்குறுதியே, கேடு நேரும்போது எவருக்கும் தெரியாமல் அழவேண்டிய நிலைக்கு இட்டுச்செல்கின்றது.

அல்புகேர்க்கி சம்பவம் இதற்குச் சான்று. அந்நிலையத்தில் ஒழுங்கான வாடிக்கையாளர் பதிவேடு இருக்கவில்லை. சுகாதார அதிகாரிகள் ஒப்புதல் படிவங்களையும் கையெழுத்துக் குறிப்புகளையும் தொலைபேசி எண்களையும் பொறுக்கியெடுத்தே அங்கு சென்றவர்களைத் தேட நேர்ந்தது. 2018 இல் நிலையம் மூடப்பட்ட போதிலும், 2023 இல் மேலுமொருவர் இனங்காணப்பட்டதால் விசாரணை மீளத் தொடங்க வேண்டியதாயிற்று. தொற்று எங்கிருந்து அந்நிலையத்துக்குள் நுழைந்தது என்பது இறுதிவரை கண்டறியப்படவில்லை. பதிவேடு என்ற சாதாரண கொப்பி ஒன்று ஒழுங்காக இருந்திருந்தால் எவ்வளவு துன்பம் தவிர்க்கப்பட்டிருக்கும் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

பிரித்தானியா கற்ற பாடம்

வளர்ச்சியடைந்த நாடுகளில் சட்டம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என எண்ணுவது தவறு. எமது உறவுகள் பெருமளவில் வாழும் பிரித்தானியாவின் அனுபவமே இதற்குப் போதுமானது. பிரான்ஸ் நிறுவனமொன்று தொழிற்சாலைப் பாவனைக்கான சிலிக்கனைக் கொண்டு மார்பக உள்வைப்புகளைத் தயாரித்து விற்ற மோசடி 2010 இல் அம்பலமானது. அதன் தொடர்ச்சியாகப் பேராசிரியர் சேர் புரூஸ் கியோ தலைமையில் நியமிக்கப்பட்ட குழு 2013 ஏப்ரலில் அறிக்கை சமர்ப்பித்தது. முகத்தில் நிரப்பூசி போட்டுக்கொள்பவருக்குள்ள சட்டப் பாதுகாப்பு ஒரு பேனாவையோ பற்தூரிகையையோ வாங்குபவருக்குள்ளதை விட மேலானதல்ல என அக்குழு சுட்டிக்காட்டியது.

அதன்பின் நடந்தது என்ன? எட்டு ஆண்டுகள் கழித்து, 2021 ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து, 18 வயதுக்குட்பட்டோருக்கு அழகுக்காக இவ்வூசிகளைப் போடுவது இங்கிலாந்தில் தடைசெய்யப்பட்டது. 2022 ஆம் ஆண்டுச் சுகாதார மற்றும் பராமரிப்புச் சட்டம், இச்சிகிச்சைகளுக்கு அனுமதிப்பத்திர முறையைக் கொண்டுவரும் அதிகாரத்தை அமைச்சருக்கு வழங்கியது. ஆயினும், 2025 ஓகஸ்டிலும் அரசாங்கம் அறிவித்தது ஆபத்துக் கூடிய சிகிச்சைகளைத் தகைமையுள்ள மருத்துவத் துறையினருக்கு மட்டுப்படுத்தும் திட்டங்களையே. ஆபத்து எதிர்வுகூறப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. சந்தை ஓடும் வேகத்துக்குச் சட்டம் நடந்துதான் செல்கின்றது.

ஐரோப்பிய ஒன்றியம் வேறொரு வழியைத் தேர்ந்தது. மருத்துவ நோக்கம் இல்லாவிடினும் முகத்தில் செலுத்தும் நிரப்பூசிகள் மருத்துவ உபகரணங்களுக்கான கடும் விதிகளுக்குள் அடங்கும் எனத் தனது 2017 ஆம் ஆண்டு ஒழுங்குவிதியில் சேர்த்துக்கொண்டது. அழகுக்காகச் செய்யப்படுவதாயினும் உடலுக்குள் செல்வது உடலுக்குள் செல்வதே என்ற எளிய தர்க்கமே இதன் அடிப்படை. எம்மவர் பின்பற்ற வேண்டியதும் இத்தர்க்கமே.

சிகிச்சையா, அலங்காரமா?

இவ்விடயத்தில் மத உணர்வுள்ள வாசகர்களிடம் இரு கேள்விகள் எழுவது இயல்பு. முதலாவது, செலுத்தப்படும் பொருள் எதிலிருந்து பெறப்பட்டது என்பது. இக்கேள்வி அர்த்தமற்றதன்று. 1981 இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட முதலாவது கொலஜன் ஊசி மாட்டுத் தோலிலிருந்து பெறப்பட்டது. ஏறத்தாழ மூன்று சதவீதமானோருக்கு ஒவ்வாமை ஏற்பட்டமையால் முன்பரிசோதனையும் தேவைப்பட்டது. 2008 இல் அனுமதி பெற்ற மற்றொன்று பன்றியிலிருந்து பெறப்பட்டது. அதை உற்பத்தியாளரே மறுவருடம் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டார். இன்று பேசப்படும் கொலஜனைத் தூண்டும் ஊசிகளோ கொலஜனைக் கொண்டவையல்ல. பொலிலக்டிக் அமிலமும் கல்சியம் ஹைட்ரொக்சிஅபடைட்டும் செயற்கையாகத் தயாரிக்கப்படுபவை. எனினும், சந்தையில் பல பெயர்களில் பல பொருட்கள் உலவுவதால், 'கொலஜன் ஊசி' என்ற பொதுப்பெயரோடு திருப்தியடையாது உள்ளடக்கத்தைக் கேட்டறிவது இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் ஒருங்கே பொருத்தமானதாகும்.

இரண்டாவது கேள்வி ஆழமானது. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 2007 ஆம் ஆண்டு மலேசியாவின் புத்ராஜயாவில் கூடி அழகுச் சத்திரசிகிச்சை குறித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. பிறவிக் குறைகளையும் விபத்து, நோய் என்பவற்றால் ஏற்பட்ட குறைகளையும் திருத்துதல் ஆகும் எனவும், நோய்நிலை இல்லாதவிடத்து முகச் சுருக்கங்களை அறுவையாலோ ஊசியாலோ நீக்குதல் ஆகாது எனவும் அதில் கூறப்பட்டது. இதனை ஏற்பதும் மார்க்க அறிஞரிடம் மேலதிக விளக்கம் பெறுவதும் அவரவரைப் பொறுத்தவை. ஆயினும், அத்தீர்மானம் வரைந்த கோடு மதத்துக்கு அப்பாலும் சிந்திக்கத் தக்கது. எச்.ஐ.வி. நோயாளியின் குழிந்த கன்னத்தை நிரப்பியதும், நாற்பது வயதுப் பெண்ணின் இயல்பான மடிப்பை நிரப்புவதும் ஒரே ஊசிதான். முன்னதில் துன்பம் முன்னரே இருந்தது. பின்னதில் பல வேளைகளில் விளம்பரமே துன்பத்தை உண்டாக்கிவிட்டு மருந்தையும் விற்கின்றது.

அதற்காக இச்சிகிச்சையை நாடுபவர்களை ஏளனம் செய்வது எமது நோக்கமல்ல. தீக்காயத்தாலோ நோயாலோ முகம் மாறியவரின் வேதனையை நலமான முகத்தோடு நடமாடுபவர் எளிதில் அறியார். வயதைக் காரணம் காட்டிப் பெண்ணை ஒதுக்கும் வேலைத்தலங்களும், திருமண வீட்டில் முகத்தைப் பார்த்து விமர்சிக்கும் உறவினரும் இருக்கும்வரை ஊசியைத் தேடிச் செல்பவரை மட்டும் குறைகூறுவது நியாயமல்ல. தேடிச் செல்பவர் பாதுகாப்பாகத் திரும்பிவர வேண்டும் என்பதே எமது அக்கறை.

எமது நாட்டில் செய்யவேண்டியது

இலங்கையில் சட்டங்கள் இல்லாமலில்லை. 1927 ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம் மருத்துவத் தொழில் புரிவதைப் பதிவுபெற்றவர்களுக்கு உரியதாக்குகின்றது. 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுசெய்யப்பட வேண்டும் என்கின்றது. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் கீழ் மருந்துகள் மட்டுமன்றி மருத்துவ உபகரணங்களும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பொருட்களும் அடங்குகின்றன. கொலஜனைத் தூண்டும் ஊசி எந்தப் பெயரில் வந்தாலும் இவ்வலைக்குள் அகப்படவே வேண்டும்.

ஆனால், வலை இருப்பது வேறு, வீசுவது வேறு. தன்னை மருத்துவ நிறுவனம் என அழைத்துக்கொள்ளாத ஓர் அழகு நிலையத்தின் உள்ளறையில் ஊசி போடப்பட்டால், அக்கதவைத் தட்டவேண்டியவர் யார்? மருத்துவ சபையா, மாகாண சுகாதாரப் பணிப்பாளரா, ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையா, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையா? பயணப் பொதியில் கொண்டுவரப்படும் மருந்துக் குப்பியைத் தடுக்க வேண்டியவர் யார்? பொறுப்பு பலரிடம் இருக்கும்போது அது எவரிடமும் இல்லாமற்போவது எமது நிருவாகத்தின் பழைய வியாதி. போலி ஆவணங்களின் துணையோடு அரச வைத்தியசாலைகளுக்கே தரமற்ற இம்யூனோகுளோபுலின் வழங்கப்பட்டதாக 2023 இல் வெளிவந்த விவகாரத்தை மக்கள் மறந்துவிடவில்லை. அரச களஞ்சியத்துக்கே அந்நிலை எனில், எவரும் எட்டிப்பார்க்காத அழகு நிலையத்தின் அலுமாரி எம்மாத்திரம்?

எனவே, சுகாதார அமைச்சு மூன்று விடயங்களில் தாமதமின்றிக் கவனம் செலுத்த வேண்டும். தோலைத் துளைத்து உடலுக்குள் பொருள் செலுத்தும் எச்சிகிச்சையும் மருத்துவச் செயலே எனத் தெளிவான ஒழுங்குவிதியொன்றைக் கொண்டுவந்து, அதைச் செய்யத்தக்கவர் யார், எத்தகைய இடத்தில் செய்யலாம் என வரையறுக்க வேண்டும். இது முதலாவது. ஊசியின் பெயர், தொகுதி இலக்கம், செலுத்திய அளவு, செலுத்தியவரின் பதிவு இலக்கம் என்பன அடங்கிய அட்டையொன்றைச் சிகிச்சை பெறுபவரின் கையில் கொடுப்பதையும், அதன் பிரதியை ஆண்டுக்கணக்கில் பேணுவதையும் கட்டாயமாக்குவது இரண்டாவது. தடுப்பூசி போடும் குழந்தைக்கு நாம் அட்டை கொடுக்கின்றோம். இதைச் செய்வதற்குப் பெரும் செலவும் ஏற்படாது. மூன்றாவதாக, பாதகமான விளைவுகளைப் பாதிக்கப்பட்டவர்கள் வெட்கமின்றித் தமிழிலும் சிங்களத்திலும் முறைப்பாடு செய்யத்தக்க வழியொன்றை ஏற்படுத்த வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் உள்ள பெண் ஒருவர் கொழும்புக்கு ஆங்கிலத்தில் எழுதியே நீதி கேட்கவேண்டும் என்ற நிலை இருக்கக்கூடாது.

சிகிச்சை பெறுவது என முடிவெடுத்தவர்களும் சில கேள்விகளைத் தயங்காது கேட்கவேண்டும். ஊசி போடுபவர் பதிவுபெற்ற மருத்துவரா? மருந்துக் குப்பி உங்கள் கண்முன்னே திறக்கப்படுகின்றதா? அதன் பெயரையும் இலக்கத்தையும் எழுதித் தருவார்களா? இரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டால் உடனே என்ன செய்வார்கள்? ஆறு மாதம் கழித்துக் கட்டி தோன்றினால் யாரிடம் செல்வது? இக்கேள்விகளுக்கு முகஞ்சுளிக்கும் இடத்தில் முகத்தை ஒப்படைப்பது புத்திசாலித்தனமல்ல. விலை குறைவு என்பதற்காகவோ, வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொண்டுவந்த மருந்து என்பதற்காகவோ நம்பிவிடவும் கூடாது. 2024 இல் அமெரிக்காவிலேயே போலியான அல்லது முறையற்று வழங்கப்பட்ட பொடொக்ஸ் ஊசிகளால் பல மாநிலங்களில் பெண்கள் பாதிக்கப்பட்டனர்.

ஊசியே தேவைப்படாத வழியொன்றும் உண்டு. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்திலுள்ள நம்பூர் என்ற ஊரில் நடத்தப்பட்டு 2013 இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் வெயில்காப்புக் களிம்பு பூசியவர்களிடம், நாலரை ஆண்டுகளின் பின்னர், விரும்பியபோது மட்டும் பூசியவர்களைவிடச் சரும முதுமை 24 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. அதுவும் மெதுவாகப் பலன் தருவதே. ஆயினும், அது தவறினால் கண் போகாது. வெயில் சுட்டெரிக்கும் நாட்டில் குடையும், புகைக்காத வாயும், போதிய உறக்கமும் எவ்விளம்பரத்திலும் இடம்பெறாத மருந்துகள்.

இருபது ஆண்டுகளுக்கு முன்னர் ஒதுக்கப்பட்ட ஒரு நோயாளி மீண்டும் தெருவில் தலைநிமிர்ந்து நடப்பதற்கு இந்த ஊசி உதவியது. அது மருத்துவத்தின் பெருமை. அதே நோக்கத்துக்கெனக் கூறி மூடிய கதவுக்குள் போடப்பட்ட வேறோர் ஊசி, நோயற்ற பெண்களுக்கு அந்த நோயையே கொடுத்தது. அது மேற்பார்வையின்மையின் சிறுமை. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது விலையுயர்ந்த இயந்திரம் எதுவுமல்ல. தகைமையுள்ள ஒரு கை, பதிவுபெற்ற ஒரு குப்பி, ஒழுங்காக எழுதப்பட்ட ஒரு பதிவேடு. இலங்கையில் முதலாவது முகம் பாழாகிச் செய்தியாகும்வரை காத்திராமல் அவற்றை உறுதிசெய்வது சம்பந்தப்பட்டவர்களின் கடமையாகும்.